ஒரு வாரச் சோறும் ஒரு மூட்டை யூரியாவும்: தெரியுமா உங்களுக்கு?

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்திலிருந்து இரண்டே மாதத்தில் சுமார் 31 ஆயிரம் டன் அரிசி இலங்கைக்குப் போனது தெரியுமா? அதுவும் காசு வாங்காமல்! 2022-இல் இலங்கை கடனில் மூழ்கித் தவித்தபோது, ஏப்ரல் 29 அன்று உதவி அனுப்பத் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 40 ஆயிரம் டன் அரிசி, 500 டன் பால் பவுடர், கூடவே மருந்துகள். மே மாதத்தில் முதல் கப்பல் சென்னையில் கிளம்பியது. ஜூனிலும் ஜூலையிலும் மிச்ச அரிசி முழுக்க நம்ம தூத்துக்குடியில் ஏறியது. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி., வெள்ளைக்காரனோடு மல்லுக்கட்டிக் கப்பல் விட்ட அதே கொழும்புப் பாதை!

சரி, 40 ஆயிரம் டன் என்றால் மலையளவு என்றுதானே நினைக்கிறீர்கள்? இலங்கையின் 2 கோடியே 20 லட்சம் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு இரண்டு கிலோகூடத் தேறாது. ஒரு வாரச் சோறு. அவ்வளவுதான்!

அரிசியில் ஏறக்குறைய தன்னிறைவு கண்டிருந்த நாடு இந்த நிலைக்கு எப்படி வந்தது? டாலர் வறண்டது பெரிய காரணம். ஆனால் வயலில் நடந்ததைக் கேளுங்கள். கோத்தபய ராஜபக்ச 2019 அதிபர் தேர்தலில் உரம் இலவசம் என்றார். அதிபரானதும் நெல் விவசாயிகளுக்குக் கொடுக்கவும் செய்தார். 2021 மே மாதம் அவரே ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்! நவம்பரில் தடையை விலக்கினாலும் காலம் கடந்துவிட்டது. பெரும்போக (முக்கியப் பருவ) நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. விவசாயிகளுக்கு நட்டஈடாக அரசு அறிவித்தது 4,000 கோடி இலங்கை ரூபாய். இன்னொரு கூத்து: கிருமி இருக்கிறது என்று இறக்கவிடாமல் திருப்பிய சீனக் கப்பலின் இயற்கை உரத்துக்காக 67 லட்சம் டாலர் கட்டினார்கள். வந்து சேராத உரத்துக்கு!

என்னைக் கேட்டால், நாம் அனுப்பிய அரிசியைவிடப் பெரிய உதவி அடுத்து வந்த யூரியாதான். 2022 ஜூனில் இந்தியா 5.5 கோடி டாலர் கடன் கொடுத்தது யூரியா வாங்க மட்டுமே. (ஸ்பிக் உர ஆலையை ஊரோடு வைத்திருக்கும் தூத்துக்குடிக்காரர்களுக்கு யூரியாவின் அருமையைச் சொல்லித் தரவேண்டியதில்லை.) இலங்கையில் ஒரு காலத்தில் சும்மா கிடைத்த 50 கிலோ யூரியா மூட்டை அப்போது 10,000 இலங்கை ரூபாய்க்குப் போனது; அதையும் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. 70 சதவீதத்தைத் தொட்ட பணவீக்கம் அந்த ஜூலைக்குள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. 2024-இல் நெல்லுக்கான உர மானியம் ஹெக்டேருக்கு 25,000 இலங்கை ரூபாய் ஆனது.

அப்படியும் அதே ஆண்டு டிசம்பரில் இலங்கைக் கடைகளில் ‘நாட்டரிசி’ என்ற அரிசி ரகத்தைக் காணோம் என்று, தனியார் அரிசி இறக்குமதி செய்ய அரசே கதவைத் திறந்துவிட்டது தெரியுமா?