அடுப்படியில் மின்சாரம்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர்)

விஞ்ஞானம் மனித குலத்திற்கு அளித்த கொடைகளுள் தலையாயது மின்சாரம். நம் சேலம் சீமைக்கும் மின்சாரத்திற்கும் நெருங்கிய உறவு உண்டு. 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீரைக்கொண்டு 1937-ஆம் ஆண்டு முதல் மின்சாரம் உற்பத்தி செய்யப்பட்டு வருகிறது. அந்நாளில் மின்சாரம் பெற்ற வீடுகளில் அது பெரும்பாலும் விளக்கு எரிக்கவே பயன்பட்டது. அடுப்படிக்கு ஒரே ஒரு குண்டு பல்பு. அம்மியும் ஆட்டுக்கல்லும் பெண்களின் கைவலிமையால்தான் இயங்கின.

பின்னர் மிக்ஸி வந்தது, கிரைண்டர் வந்தது, குளிர்சாதனப் பெட்டி வந்தது. 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தினால் எளிய குடும்பங்களுக்கும் இவை கிடைத்தன. இன்று மின்தூண்டல் அடுப்பும் வந்துவிட்டது. அம்மாக்களின் தோள்வலி குறைந்தது உண்மையே. ஆனால் தோழியரே, கருவிகள்தாம் புதியவை. பல வீடுகளில் அவற்றுக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பி, குண்டு பல்பு காலத்துக் கம்பியே!

பழைய கம்பி தாங்குமா?

செவ்வாய்ப்பேட்டை, குகை, இராசிபுரம், திருச்செங்கோடு போன்ற ஊர்ப்பகுதிகளின் பழைய வீடுகளில், சுவரில் நீண்ட மரச்சட்டம் அடித்து அதன்மேல் கம்பி ஓடுவதைக் காணலாம். அக்கம்பியின் மேலுறை ஆண்டுக்கணக்கில் அடுப்பின் சூட்டையும் எண்ணெய்ப் புகையையும் ஏற்று, தொட்டாலே உதிரும் நிலையில் இருக்கும். சில வீடுகளில் உள்ளே இருப்பது அலுமினியம். ஒரே அளவுள்ள தாமிரக் கம்பியைவிட அதற்கு மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் அதிகம்.

ஒரு சிறு கணக்கு போடுவோம். மின்திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 40 வாட் பல்புக்கு 0.17 ஆம்பியர் போதும். 750 வாட் மிக்ஸிக்கு 3.3 ஆம்பியர் வேண்டும். 2000 வாட் மின்தூண்டல் அடுப்புக்கோ 8.7 ஆம்பியர். அடுப்பையும் மிக்ஸியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் 12 ஆம்பியர்! சுவரில் இருப்பதோ 5 ஆம்பியர் பிளக். ஜூல் விதிப்படி மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும். பிளக் சுடுவதற்கும் கருகுவதற்கும் இதுவே காரணம்.

ஃபியூஸ் யாரைக் காக்கும்?

"ஃபியூஸ் இருக்கிறதே, பயம் எதற்கு?" என்று கேட்பார்கள். மின்னோட்டம் அளவு மீறினால் ஃபியூஸ் உருகும். கம்பி தீப்பற்றாமல் காக்கும். (அதற்குப் பதிலாகத் தடித்த தாமிர இழையைச் சுற்றி வைத்தால் அந்தக் காவலும் போயிற்று.) ஆனால் அது மனிதரைக் காப்பதில்லை. ஈரக் கையுடன், ஈரத் தரையில், வெறுங்காலுடன் நிற்பவரின் உடலின் மின்தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். அப்போது அவர் உடல் வழியே பாய்வது 0.23 ஆம்பியர். உயிரைப் பறிக்க இது போதும். ஆனால் 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு இது ஒரு பொருட்டே அன்று. அது உருகாமல் அப்படியே இருக்கும்.

ஆகவே மனிதரைக் காக்க இரண்டு ஏற்பாடுகள் தேவை. முதலாவது எர்த். மூன்று முனை பிளக்கில் பெரிய முனை மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பது ஏன் தெரியுமா? செருகும்போது அதுவே முதலில் தொட வேண்டும். பிடுங்கும்போது கடைசியாக விலக வேண்டும். கருவியின் உலோக உடலில் மின்கசிவு ஏற்பட்டால் அதை மண்ணுக்குக் கொண்டுசெல்லும் வழி அது. இரண்டாவது ஆர்.சி.சி.பி. என்னும் சுவிட்சு. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று இது எப்போதும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலே, ஒரு விநாடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

நான் கண்ட ஒரு வீடு

இராசிபுரத்திற்கு அருகில் என் அம்மாயியின் ஓட்டு வீடு உள்ளது. அங்கே கிரைண்டரைத் தொட்டால் 'சுர்'ரென்று இருக்கும். அதனால் அம்மாயி மரப்பலகைமேல் நின்றுதான் மாவு வழிப்பார். கேட்டால், "அது அப்படித்தான் கண்ணு, பழகிப்போச்சு" என்பார். கம்பி மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "மின்சாரத்தோட பழக்கம் வெச்சுக்க முடியாதுங்க அம்மா" என்றார். சோதித்தபோது, அந்த வீட்டில் எர்த் கம்பியே இல்லை என்பது தெரிந்தது.

வேலை இவ்வாறு நடந்தது. முதலில் குழி தோண்டி, கரியும் உப்பும் இட்டு எர்த் அமைத்தார்கள். நம் பகுதியின் செம்மண் கோடையில் வறண்டுவிடுவதால் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றும் சொன்னார்கள். பிறகு மீட்டர் பலகையிலிருந்து அடுப்படிக்கென்றே தனியாக 2.5 சதுர மில்லி மீட்டர் தாமிரக் கம்பியும், பச்சை நிற எர்த் கம்பியும் வந்தன. சுண்ணாம்புச் சுவரைக் கொத்தினால் பூச்சு உதிரும் என்பதால் சுவரின் மேலேயே பிளாஸ்டிக் குழாய் பதித்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் அடுப்புக்கும் எட்டத்தில் இரண்டு 16 ஆம்பியர் பிளக்குகள், அந்த வழிக்கெனத் தனியாக ஒரு எம்.சி.பி., வீடு முழுமைக்கும் ஓர் ஆர்.சி.சி.பி. பொருத்தினார்கள்.

புதிய சுவிட்சு அன்று மாலையே மூன்று முறை விழுந்தது. "இது தொல்லை, கழற்றிவிடலாம்" என்றார் மாமா. பல வீடுகளில் இப்படித்தான் கழற்றிவிடுகிறார்களாம். எலக்ட்ரீஷியன் அண்ணனோ ஒவ்வோர் அறையாகப் பார்த்து, சாமான் அறையில் ஈரச் சுவரில் பட்டுக்கொண்டிருந்த பழைய கம்பி ஒன்றைக் கண்டுபிடித்தார். தொல்லை கொடுத்தது சுவிட்சு அன்று, அந்தக் கம்பியே. அதை மாற்றியபின் சுவிட்சு விழவில்லை. அம்மாயியும் இப்போது பலகை போடுவதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

எல்லாக் கம்பிகளையும் ஒரே முறையில் மாற்ற எல்லாருக்கும் வசதி இராது. எனவே முதலில் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும், அடுத்து அடுப்படிக்குத் தனிக் கம்பி, பிறகு மற்ற அறைகள் என்று படிப்படியாகச் செய்யலாம். கம்பியிலும் சுவிட்சிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கட்டும். உரிமம் பெற்ற மின் கம்பியாளரே வேலை செய்யட்டும். மின்சுமை கூடினால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது.

தோழியரே, நாம் எதையும் கழற்ற வேண்டாம். கண்ணால் பார்த்தாலே போதும். கிரைண்டர் ஓடத் தொடங்கியதும் விளக்கு மங்குகிறதா? பிளக்கைச் சுற்றிக் கருமை படிந்துள்ளதா? கருகல் வாடை வருகிறதா? கிரைண்டருக்கு இரு முனை பிளக்கா? முக்கியமாக, அம்மாவுக்கு எப்போதாவது 'சுர்'ரென்று பட்டிருக்கிறதா? 'ஆம்' என்றால் அன்று மாலையே அப்பாவிடம் சொல்லுங்கள். நாள் முழுவதும் ஈரக் கையுடன் நமக்காக உழைக்கும் அன்னையரின் உயிரைவிட ஒரு கம்பியின் விலை பெரிதன்று. வருமுன் காப்போம்!