மீன் எங்கே போயிற்று?

பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி வந்தபின் தாயகம் திரும்பிய தமிழர்களோடு வந்தது அத்தோ என்ற நூடுல்ஸ் பண்டம். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய தள்ளுவண்டிகளில் ஆரஞ்சு நிற நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் சேர்த்துக் கையாலேயே பிசறித் தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். இதன் மூலமான பர்மாவின் மொஹிங்கா சூப்புக்கு மீன்தான் உயிர், இங்கே பெரும்பாலும் அது இல்லை. அப்படியானால் இது பர்மியச் சாப்பாடே அல்ல என்பார்கள் சிலர். மீன் கிடைக்காமலா விட்டார்கள்? காசிமேடு மீன்பிடித் துறைமுகம் கூப்பிடு தூரம்தான்! பண்டத்தை மாற்றியது பஞ்சமல்ல, வாங்குவோர் நாக்கு. தண்டும் கைப்பிசறலும் நிலைத்தன. திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை அடுத்த செங்கம் சாலையில், வெளிநாட்டினர் கூடும் உணவகங்களில் பாஸ்தா சைவமாக வருவதும் இதே கணக்குதான். மலையைத் தேடி வந்தவர்கள் கேட்பதே அதைத்தான்.