முன்பாரம், பின்பாரம்

1997 ஆகஸ்ட் 7 அன்று மியாமியிலிருந்து சாந்தோ டொமிங்கோவுக்குக் கிளம்பிய ஃபைன் ஏர் நிறுவனத்தின் டிசி-8 சரக்கு விமானத்தில் இருந்தது ஜீன்ஸ் தைக்கும் டெனிம் துணி. வெடிமருந்தோ ரசாயனமோ எதுவும் கிடையாது. ஓடுபாதையை விட்டு எழும்பிய கணமே மூக்கு மேலே மேலே போனது. விமானிகளால் அதைக் கீழே இறக்க முடியவில்லை. தூக்குவிசை அற்றுப்போய், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே விழுந்தது. விமானத்தில் இருந்த நால்வரும் தரையில் காரில் இருந்த ஒருவரும் இறந்தார்கள்.

துணி எப்படி விமானத்தை வீழ்த்தும்? மாட்டு வண்டி ஓட்டியவர்களைக் கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவார்கள். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்பாரம் கூடினால் சுமையெல்லாம் மாட்டின் கழுத்தில் இறங்கும். மூட்டையைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தி வைத்தால் வண்டி சரியாகிவிடும். வண்டிக்கு அச்சு எப்படியோ, விமானத்துக்கு இறக்கை அப்படி. மொத்த எடையும் குவிகிற புள்ளி, அதாவது ஈர்ப்பு மையம், இறக்கையை ஒட்டிய ஒரு சிறு எல்லைக்குள் இருந்தாக வேண்டும்.

எவ்வளவு சிறு எல்லை? போயிங் 747-400 சரக்கு விமானம் புறப்படும்போது அதிகபட்சம் 397 டன் எடை இருக்கலாம். மேல்தளத்தில் மட்டும் 30 பாலெட்டுகள் வைக்கலாம். பாலெட் என்பது அலுமினியத் தகடு. சரக்கை அதன்மேல் அடுக்கி வலை போட்டு இறுக்கிவிடுவார்கள். பெரிய பாலெட் ஒன்று சரக்கோடு 6,800 கிலோ வரை போகும். விமானம் 340 டன் இருக்கும்போது அப்படி ஒரே ஒரு பாலெட்டை 30 மீட்டர் பின்னால் வைத்துவிட்டால் ஈர்ப்பு மையம் 60 சென்டிமீட்டர் பின்னே போய்விடும். 70 மீட்டர் நீள விமானத்தில் 60 சென்டிமீட்டர் ஒரு பொருட்டா என்று தோன்றும். ஆனால் அனுமதிக்கப்பட்ட முழு எல்லையே ஏறக்குறைய இரண்டு மீட்டர்தான்.

எல்லைக்குள்ளேயே இருந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. வாலில் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சிறகு அசையாதது என்றுதான் பயணிகளாகிய நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரிய விமானங்களில் அந்தச் சிறகு முழுதுமே சில டிகிரி சாயும். ஜாக்ஸ்க்ரூ என்கிற நீளமான திருகுதண்டு சுழன்று அதை நகர்த்தும். புறப்படுவதற்கு முன்பே அதைச் சரியான கோணத்தில் நிறுத்தி வைப்பதுதான் டேக்-ஆஃப் ட்ரிம். முன்பாரம் என்றால் மூக்கைத் தூக்க வாலுக்குக் கூடுதல் உதவி வேண்டும், பின்பாரம் என்றால் குறைவாகப் போதும். சற்றே பின்பாரமாகப் பறந்தால் எரிபொருள் மிச்சம் என்பதால் கம்பெனிகளுக்கு அந்தப் பக்கம் எப்போதும் ஒரு கண் உண்டு. அங்கேதான் ஆபத்தும் பக்கத்தில் இருக்கிறது.

அந்தக் கோணத்தை விமானி கண்ணால் பார்த்து முடிவுசெய்வதில்லை. லோட் ஷீட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து வைக்கிறார். எந்தப் பாலெட் எந்த இடத்தில், எத்தனை கிலோ என்று கணக்குப் போட்டு வருகிற எண் அது. விமானம் பறப்பது காற்றில் என்றாலும், புறப்படுவது காகிதத்தை நம்பித்தான். மியாமியில் பொய்த்துப்போனது அந்தக் காகிதம். பறக்கவேண்டிய விமானத்தைக் கடைசி நேரத்தில் மாற்றியிருந்தார்கள். சரக்கு, கணக்கில் இருந்தபடி ஏறவில்லை. காகிதம் சொன்னதைவிட ஈர்ப்பு மையம் பின்னால் இருந்தது, ட்ரிம் மட்டும் காகிதத்தின்படி இருந்தது. பாலெட்டுகளைத் தரையோடு பிடித்துவைக்கும் பூட்டுகளில் பெரும்பாலானவை பூட்டப்படாமலே கிடந்ததை விசாரணையாளர்கள் சிதைவுகளில் கண்டார்கள். ஏற்றும் வேலையைக் கண்காணிக்கத் தவறிய விமான நிறுவனம், சொன்னபடி ஏற்றாத ஒப்பந்த நிறுவனம் இரண்டின் மீதும் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பொறுப்பைச் சுமத்தியது.

இந்தப் பேச்சு வந்தாலே பலர் குறிப்பிடுவது பக்ராம் காணொளியைத்தான். 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்திலிருந்து துபாய்க்குக் கிளம்பிய நேஷனல் ஏர்லைன்ஸ் 747, மூக்கை நட்டுக்குத்தலாக உயர்த்தி, ஒரு பக்கம் சாய்ந்து தரையில் விழுவதை ஒரு வண்டியின் கேமரா பதிவுசெய்தது. ஏழு பேர் இறந்தார்கள். உள்ளே ஐந்து ராணுவக் கவச வண்டிகள், அவற்றில் மூன்று தலா 18 டன். சரக்கு பின்னால் சரிந்து பாரம் மாறியதால் விழுந்தது என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அது பாதி உண்மை. பாரம் மாறியதை மட்டும் விமானிகள் சமாளித்திருக்கலாம் என்பதுதான் விசாரணையின் முடிவு. போதாத பட்டைகளை அறுத்துக்கொண்டு நகர்ந்த கவச வண்டி, பின்சுவரை உடைத்து ஹைட்ராலிக் குழாய்களையும் அந்த ஜாக்ஸ்க்ரூவையும் நொறுக்கிவிட்டது. வால் சிறகை நகர்த்த வழியே இல்லாமல் போனது.

இடம் சரியாக இருந்து எடை தப்பினாலும் கதி இதுதான். 2004 அக்டோபரில் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் எம்கே ஏர்லைன்ஸின் 747 ஒன்று 353 டன் எடையோடு நின்றது. புறப்பாட்டுக் கணக்கில் இருந்ததோ முந்தைய பயணத்தின் எடையான 240 டன். வேகமும் எஞ்சின் விசையும் அந்த 240 டன்னுக்கு ஏற்றபடி இருந்தன. வால் ஓடுபாதைக்கு அப்பால் இருந்த மண்மேட்டில் மோதியது. அங்கேயும் ஏழு பேர்.

தரையில் நிற்கும்போது இவ்வளவு மர்மம் கிடையாது. சரக்கேற்றும்போது பின்புறம் அமுங்கி மூக்கு எழும்பிவிடாமல் இருக்க, வாலுக்கு அடியில் முட்டுக்கால் கொடுத்து வைப்பார்கள். பின்பாரம் கூடினால் முன்சக்கரத்தின் மேல் பளு குறைவதைச் சுற்றி நிற்பவர்களே உணரலாம். 747-400 வடிவமைப்பாளர்கள் அதையே பயன்படுத்திக்கொண்டார்கள். முன்சக்கரக் காலில் ஓர் அழுத்த உணரி இருக்கிறது. கணினியில் ஏற்றிய கணக்கின்படி ட்ரிம் இருக்கவேண்டிய பச்சைப் பட்டைக்கும் சக்கரத்தின் மேல் விழும் பளுவுக்கும் பொருந்தவில்லை என்றால், விமானியின் திரையில் எச்சரிக்கை வரும். துல்லியமான தராசு இல்லைதான், சின்னச் சின்னப் பிழைகள் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆனால் லோட் ஷீட்டைப் பார்க்காமல் சொல்கிற சாட்சி அது.