மூளை வரைபடம் – 14: ஏற்பி இல்லாத சுண்டெலி

நிகோட்டின் தசையின் மேல் ஏதோ ஓர் 'ஏற்கும் பொருளை'ப் பற்றிக்கொண்டுதான் வேலை செய்கிறது என்று கேம்பிரிட்ஜில் லாங்லி 1905-இல் சொன்னதைப் போன வாரம் பார்த்தோம். அந்தப் பொருளைத்தான் இன்று நிகோட்டின் ஏற்பி என்கிறோம். உடலில் இயல்பாக அதில் போய் அமர்வது அசிட்டைல்கோலின். மூளையில் இந்த ஏற்பிகள் எங்கெங்கே இருக்கின்றன?

1985-இல் பால் கிளார்க்கும் உடன் உழைத்தவர்களும் எலி மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, கதிரியக்கம் ஏற்றிய நிகோட்டினில் ஊறவைத்துக் கழுவி, ஃபிலிம்மேல் பதித்து வைத்தார்கள். நிகோட்டின் ஒட்டிய இடமெல்லாம் ஃபிலிம் கறுத்தது. அசிட்டைல்கோலினைக் கொண்டு செய்தாலும் அதே படம்தான் வந்தது. தாலமஸ் நன்றாகக் கறுத்திருந்தது. ஆனால் கட்டுவிரியன் இனப் பாம்பின் விஷத்திலிருந்து எடுத்த பங்காரோடாக்ஸினைப் பூசியபோது படமே வேறு. நினைவுக்குப் பேர்போன ஹிப்போகாம்பஸ் இப்போது கறுத்தது. ஏற்பி ஒரு வகையல்ல என்பதை அந்த ஃபிலிம்கள் கண்ணுக்கு முன் வைத்தன. இன்று முதல் வகையை ஆல்ஃபா4-பீட்டா2 என்றும், விஷம் பற்றுவதை ஆல்ஃபா7 என்றும் சொல்கிறோம்.

சீவல் என்றால் எலி செத்திருக்க வேண்டும். உயிருள்ள எலியைப் பார்க்க பெட் ஸ்கேன் வந்தது. 110 நிமிடத்தில் பாதியாகக் குறையும் ஃபுளோரின்-18 ஏற்றிய மருந்தை ஊசியில் செலுத்தி, அது எங்கே தங்குகிறது என்று பார்க்கலாம். ஒரு சிக்கல் என்னை விடாமல் உறுத்துகிறது. ஸ்கேனுக்குள் எலி அசையக் கூடாது. அதற்காகக் கொடுக்கும் ஐசோஃபுளூரேன் மயக்க மருந்தே இந்த ஏற்பிகளை முடக்கக்கூடியது. அதோடு, மயங்கிக் கிடக்கும் எலி எதையும் கற்றுக்கொள்வதும் இல்லை. ஏற்பி இருக்கும் இடத்தைப் படம் காட்டும். அது அங்கே என்ன செய்கிறது என்பதற்கு வேறு சோதனை வேண்டும்.

அந்தச் சோதனையை மெரினா பிச்சியோட்டோவும் ழான்-பியர் ஷாங்ஜேயும் 1995-இல் வெளியிட்டார்கள். முதல் வகை ஏற்பியின் ஒரு பாகமான பீட்டா2-வுக்குரிய மரபணுவை நீக்கிச் சுண்டெலிகளை வளர்த்தார்கள். அவற்றின் மூளைச் சீவலில் நிகோட்டின் வலுவாகப் பற்றும் இடங்கள் காணாமல் போயிருந்தன. பிறகு இரண்டு அறைப் பெட்டி: ஒன்று வெளிச்சம், ஒன்று இருட்டு. சுண்டெலிக்கு இருட்டுதான் பிடிக்கும். உள்ளே போனதும் காலில் லேசான மின்னதிர்ச்சி. மறுநாள் மறுபடி விட்டால், எவ்வளவு நேரம் தயங்கி நிற்கிறது என்பதே அதன் நினைவின் அளவு. சாதாரணச் சுண்டெலிக்கு நிகோட்டின் கொடுத்தால் தயக்கம் நீண்டது. பீட்டா2 இல்லாதவற்றுக்கு நிகோட்டினால் ஒரு மாற்றமும் இல்லை.

இதுவரை எதிர்பார்த்ததுதான். ஆனால் நிகோட்டின் எதுவும் கொடுக்காமலே, ஏற்பி இல்லாத சுண்டெலிகள் மற்றவற்றைவிட அதிக நேரம் தயங்கி நின்றன! ஏற்பி இருந்தால் நினைவு, இல்லாவிட்டால் மறதி என்று எளிதாகக் கணக்குப் போட முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

அதே வகைச் சுண்டெலிகளை முதுமை வரை வளர்த்துப் பார்த்த ஆய்வு 1999-இல் வந்தது. இளமையில் நீர்த்தொட்டியில் மறைந்திருக்கும் மேடையைக் குறையின்றிக் கண்டுபிடித்தவை, கிழப்பருவத்தில் வழி தெரியாமல் தடுமாறின. அவற்றின் ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்கள் அழிந்திருந்தன.

(தொடரும்)