விளக்கு எரியுது... கம்ப்யூட்டருக்குத் தெரியலையே!

குட்டி நண்பர்களே, புளியஞ்சோலைக்குப் போயிருக்கிறீர்களா? திருச்சி மாவட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மலை மேலே ஆகாய கங்கை அருவியாகக் கொட்டும் அதே ஐயாறுதான், பாறைகளுக்கு நடுவே இறங்கி இங்கே வருகிறது. குளிக்க ஜாலியான இடம்! ஆனால், மலை மேலே பலத்த மழை பெய்தால், கீழே தண்ணீர் மளமளவென்று ஏறிவிடும். அப்போது குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள்.

'தண்ணீர் ஏறினால் பீப்... பீப் என்று கத்தும் கருவியைப் பள்ளிக் கண்காட்சிக்குச் செய்தால் என்ன?' என்று தோன்றுகிறதா? சபாஷ்! அதற்கு மூளையாக ஒரு ஆர்டுயினோ போர்டு போதும். உள்ளங்கையில் அடங்கிவிடும். 2005-ல் இத்தாலியின் இவ்ரியா நகரில் பிறந்தது இது. உருவாக்கியவர்கள் வழக்கமாகக் கூடும் கடையின் பெயரையே இதற்கு வைத்துவிட்டார்கள். அந்தக் கடைக்கோ, ஆயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு ராஜாவின் பெயர்!

கட்டளைகளைக் கம்ப்யூட்டரில் எழுதி, கேபிள் வழியாகப் போர்டுக்கு அனுப்ப வேண்டும். கேபிளைச் செருகுகிறீர்கள். போர்டில் விளக்கு பளிச்! ஆனால் கம்ப்யூட்டரோ, 'போர்டா? அப்படி யாரும் வரலையே' என்கிறது. பலர் இந்த இடத்தில்தான், 'போர்டு போச்சு' என்று மூலையில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சில நூறு ரூபாய் வீண்! கொஞ்சம் பொறுங்கள். பல நேரங்களில் குற்றவாளி போர்டே இல்லை.

யு.எஸ்.பி. கேபிளுக்குள் 4 மெல்லிய கம்பிகள் உண்டு. வழக்கமாக, சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. பச்சையும் வெள்ளையும் பேச்சுக்கு. விளக்கு எரிய முதல் ஜோடியே போதும். ஆனால் பேச?

சின்ன போர்டுகளுக்கு செல்போன் கேபிளே பொருந்தும். வில்லங்கமே அதில்தான்! சில மலிவான சார்ஜர் கேபிள்களில் பேச்சுக் கம்பிகளே இருக்காது. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதே கேபிளில் அப்பாவின் போனைக் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பாருங்கள். போனில் அனுமதி கொடுத்தும் போட்டோக்கள் வரவில்லை, வெறும் சார்ஜ் மட்டும் ஏறுகிறதா? கேபிளை மாற்றுங்கள்.

கேபிள் நல்ல கேபிள்தான் என்றால், அடுத்த சந்தேகம் 'மொழிபெயர்ப்பாளர்' மேல். பல போர்டுகளில் மூளைச் சிப்புக்கு யு.எஸ்.பி. பாஷை தெரியாது. பக்கத்தில் இருக்கும் இன்னொரு சிப்தான் பேசித் தருகிறது. செருகியதும் கம்ப்யூட்டர், 'நீ யார்?' என்று கேட்கும். சிப் இரண்டு எண்களைச் சொல்லும். ஒன்று தயாரித்த நிறுவனத்துக்கு, இன்னொன்று பொருளுக்கு. உங்கள் பள்ளிப் பெயரும் வருகைப் பதிவு எண்ணும் மாதிரி! ஆர்டுயினோ நிறுவனத்தின் எண் 2341. எண்ணைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர், 'டிரைவர்' என்ற உதவி மென்பொருளைத் தேடும். மலிவு போர்டுகளில் வேறு நிறுவனத்தின் சிப் இருக்கும். பழைய கம்ப்யூட்டரில் அதற்கான டிரைவர் இல்லாமல் போகலாம். ஆசிரியரின் உதவியோடு, சிப்பைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுத்து நிறுவுங்கள்.

இந்த எண்ணை வைத்து ஒரு பெரிய கலாட்டாவே நடந்திருக்கிறது, தெரியுமா? ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் சிப்புக்குப் போலிகள் நிறைய வந்தன. 2014-ல் விண்டோஸ் வழியாக வந்த அதன் புது டிரைவர், போலிச் சிப்புகளின் பொருள் எண்ணை 0000 என்று மாற்றிவிட்டது! போலி என்று தெரியாமல் வாங்கியவர்களின் கருவிகள் எல்லாம் திடீரென்று கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போயின. கருகவில்லை, உடையவில்லை, அடையாளம் மட்டும் காலி! எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். பழைய எண்ணைத் திரும்ப எழுதியதும் கருவிகளும் பிழைத்துக் கொண்டன.

விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கேபிளைச் செருகி எடுத்துப் பாருங்கள். புதிதாக ஒரு வரி வந்து வந்து மறைகிறதா? அதுதான் உங்கள் போர்டு! வரியே வரவில்லை என்றால், கேபிளை வேறு துளையில் செருகிப் பாருங்கள்.

அதற்கும் மசியவில்லையா? போர்டில் மாட்டியிருக்கும் சென்சார் ஒயர்களை எல்லாம் கழற்றிவிட்டுச் செருகுங்கள். தண்ணீர்க் கருவி அல்லவா, ஈர ஒயர் ஒன்றோடொன்று உரசி 'ஷார்ட்' ஆகியிருக்கலாம். இப்போது தெரிகிறதென்றால், கேபிளை எடுத்துவிட்டு ஒயரை ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொரு முறையும் செருகிப் பாருங்கள். எந்த ஒயரை மாட்டியதும் போர்டு காணாமல் போகிறதோ, அதுதான் திருடன்! சோதனை எல்லாம் வீட்டு வாளித் தண்ணீரில்தான். ஆற்றில் இறங்கி அல்ல.