வெறுங்காலில் குற்றமில்லை, செருப்பில்தான் சிக்கல்

வெறுங்காலோடு கார் ஓட்டினால் அபராதம், செருப்புப் போட்டு பைக் ஓட்டினால் ஆயிரம் ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அவ்வப்போது உயிர்த்தெழுகிறது. 2019 செப்டம்பர் 1 அன்று மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின் புதிய அபராதங்கள் அமலுக்கு வந்த பரபரப்பில் பரவிய வதந்தி இது. அதே மாதம் 25ஆம் தேதி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகமே இதை மறுத்தது. அரைக்கைச் சட்டை, லுங்கி பனியன், அழுக்குக் கண்ணாடி, செருப்பு என்று எதற்கும் சலான் போட புதிய சட்டத்தில் இடமில்லை என்றது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 129ஆவது பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. காலைப் பற்றி அந்தச் சட்டத்துக்குக் கவலையில்லை. பிரிட்டனில் உடையும் காலணியும் வண்டியைச் சரியாக இயக்கத் தடையாக இருக்கக்கூடாது என்று நெடுஞ்சாலை விதித்தொகுப்பின் 97ஆம் விதி சொல்கிறது, அவ்வளவுதான். வெறுங்கால் சட்டவிரோதம் என்று அமெரிக்கர்கள் பலர் உறுதியாக நம்புகிறார்கள். ஆனால் கார் ஓட்டுபவர் ஷூ போட்டே ஆகவேண்டும் என்று அங்கே எந்த மாநிலமும் சொல்லவில்லை. ஆக, சட்டக் கேள்வி ஒரு பத்தியில் முடிந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை மட்டும்: சட்டம் காலணியைப் பற்றிப் பேசாததால் காலணியால் வரும் விபத்துக்குப் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. பெடலில் செருப்பு சிக்கி யார் மீதாவது மோதினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆவது பிரிவும் காத்திருக்கின்றன.

பாதுகாப்பைப் பற்றிய வாதம்தான் சுவையானது. வெறுங்கால் வேண்டாம் என்பவர்களின் முதல் காரணம் விசை. ஷூ இல்லாத காலால் பிரேக்கைப் போதுமான அழுத்தத்தோடு மிதிக்க முடியாது என்று பிரிட்டனின் ஓட்டுநர் தேர்வுத் துறையே ஒரு காலத்தில் அறிவுரை சொன்னது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயணிகள் கார்களுக்கான ஐ.நா.வின் 13ஹெச் பிரேக் விதிப்படி, 500 நியூட்டனுக்கு மேல் அழுத்தாமலேயே வண்டியின் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 6.43 மீட்டர் வீதம் குறைந்தாக வேண்டும். 500 நியூட்டன் என்பது ஏறத்தாழ 51 கிலோ எடை. அதுவும் உச்சவரம்புதான். மிதிப்பைப் பெருக்கித் தரும் பூஸ்டர் வேலை செய்யும்போது அன்றாட ஓட்டத்தில் இதில் சிறு பங்குகூடத் தேவைப்படாது. பெடலின் பரப்பு 30 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த உச்சவரம்பிலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.7 கிலோதான் விழுகிறது. வெறுங்காலில் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் குதிகாலும் முன்பாதமும் சில கணங்களுக்கு இதைவிட அதிகமாகத் தாங்குகின்றன. விசையைத் தருபவை தொடைத் தசைகள். ஷூ அதைப் பாதத்தில் பரப்பிக் கொடுக்கிறது, தன் பங்குக்கு ஒரு நியூட்டனும் சேர்ப்பதில்லை. ஓடும்போது இன்ஜின் அணைந்து பூஸ்டர் செத்துப்போனால் பெடல் கல்லாக இறுகும், அப்போது மென்மையான பாதம் வலிக்கும் என்பது நியாயமான மறுப்பு. வலிக்கும்தான். ஆனால் அந்த நேரத்தில் வலிக்காகக் காலை எடுப்பவர் யார்?

எதிர் அணி வெறுங்கால் வீரர்கள். வெறுங்காலில் ஓட்டினால் வண்டியே நம்மோடு பேசும் என்கிறார்கள். மிகைதான், என்றாலும் அடியில் ஓர் அழகான உண்மை இருக்கிறது. 2002இல் கென்னடியும் இங்லிஸும் உள்ளங்காலில் இருந்து கிளம்பும் நரம்பில் மெல்லிய ஊசி மின்முனையைச் செருகி, 104 தொடு உணர்விகளின் சமிக்ஞைகளைத் தனித்தனியாகப் பதிவு செய்தார்கள். அவற்றில் ஏறத்தாழ 70 சதவீதம் விரைவில் பழகிப்போகும் வகை. பாதத்தின் மீது எடை இல்லாதபோது எந்த உணர்வியும் முணுமுணுக்கக்கூட இல்லை. விரைவில் பழகுவது என்றால் என்ன? அழுத்தம் மாறும் கணத்தில் சமிக்ஞை அனுப்பும், அழுத்தம் நிலைத்ததும் வாய்மூடிவிடும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி மாதிரி. யார் வந்தார், யார் போனார் என்பதை உடனே உள்ளே சொல்லிவிடுவாள். வந்தவர் கூடத்தில் உட்கார்ந்தே இருக்கிறார் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல மாட்டாள். இந்தப் பாட்டிகளில் இரண்டு வகை. மேல்தோலுக்குச் சற்றுக் கீழே இருக்கும் மெய்ஸ்னர் பாட்டிக்குத் தன் வாசலில் நடப்பது மட்டும் தெரியும். ஆழத்தில், வெங்காயம்போல் அடுக்கடுக்கான உறைக்குள் இருக்கும் பாசினியன் பாட்டிக்கோ வாசல் கண்ணில் படாது, ஆனால் தெருமுனையில் லாரி வந்தாலே தரை அதிர்வதை உணர்ந்துவிடுவாள். விநாடிக்கு 200 முதல் 300 முறை அதிரும் நடுக்கம் அவளுக்கு மிகத் துல்லியமாகப் புலப்படும். காலுறை திண்ணைக்குமுன் தொங்கும் திரைச்சீலை, தடித்த ரப்பர் அடி சாத்திய கதவு. லாரி தெரியும், பூனை தெரியாது. பெடல் மெல்ல இறங்குவது பூனை. பாட்டிக்கு இத்தோடு ஓய்வு கொடுக்கலாம் என்று பார்த்தால், அடுத்த பத்தியிலும் அவளுக்கு வேலை இருக்கிறது.

 

சரி, கூர்மையாக உணரும் கால் பாதுகாப்பான காலா? இங்கேதான் வெறுங்கால் வீரர்களின் வாதம் நொண்டுகிறது. 1980களில் அமெரிக்காவில் ஆடி 5000 கார்கள் தாமாகவே பாய்கின்றன என்று பெரும் கூச்சல் எழுந்தது. 1989இல் வெளிவந்த அரசு ஆய்வு, பல சம்பவங்களில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததே காரணம் என்றது. மிதித்தவர்களோ பிரேக்கைத்தான் மிதித்தோம் என்று மனதார நம்பினார்கள். அதே ஆண்டில் ரிச்சர்ட் ஷ்மிட் என்ற உளவியலாளர் விளக்கம் தந்தார்: மூளை பிரேக்கைத்தான் தேர்ந்தெடுக்கிறது, ஆனால் கால் நகரும் பாதையில் இயல்பாக இருக்கும் சிறு தடுமாற்றம் பாதத்தைப் பக்கத்துப் பெடலில் இறக்கிவிடுகிறது. பாட்டி “யாரோ வந்துவிட்டார்” என்று சொல்லிவிட்டாள், வந்தது யார் என்று சொல்லவில்லை. வண்டி நிற்காததால் ஓட்டுநர் இன்னும் பலமாக அமுக்குகிறார். அதாவது உணர்வின் கூர்மை மட்டும் இந்தத் தவறைத் தடுத்துவிடாது. ஷூ அணிந்தால் பாதத்தின் நிலையை அறியும் திறன் மங்குகிறது என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. அவை பெரும்பாலும் நிற்பவர்களை வைத்துச் செய்யப்பட்டவை. உட்கார்ந்து ஓட்டுபவருக்கு கணுக்கால் தசையும் முழங்கால் கோணமும் வேறு வழியில் தகவல் தருகின்றன. எனவே வெறுங்கால் ஓட்டுநர் மேலான ஓட்டுநர் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. மோசமானவர் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உண்மையான வில்லன் நடுவில் இருக்கிறது: காலோடு ஒட்டாத காலணி. கார் ஓட்டும்போது குதிகால் தரையில் ஊன்றி நிற்க, முன்பாதம் ஆக்சிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் இடையே திரும்புகிறது. ஹவாய் செருப்பைப் பிடித்திருப்பது கட்டைவிரலுக்கு அருகில் உள்ள ஒரு வார்தான். குதிகாலுக்கும் செருப்புக்கும் உறவே இல்லை. கால் திரும்பும்போது செருப்பின் அடி தரைவிரிப்பில் பிடித்துக்கொள்ள, பாதம் மட்டும் செருப்புக்குள் திரும்பும். காலை மேலே தூக்கும்போது விரல்கள் இயல்பாக நிமிரப் பார்க்கும், ஆனால் செருப்பு கழலாமல் இருக்க அவை மடங்கிப் பிடித்தாக வேண்டும். ஒரே நொடியில் இரண்டு எதிர் வேலைகள். போதாததற்கு, வளையும் ரப்பர் விளிம்பு பெடலுக்கு அடியில் நுழைந்து மடியவும் செய்யும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறது. மேலே சொன்ன பிரேக் விதியின் அளவில் நிறுத்தினாலும் 21.6 மீட்டர் தேவை. செருப்பு சிக்கி அரை விநாடி வீணானால் இன்னும் 8 மீட்டர். இரண்டு சிறிய கார்களின் நீளத்தைவிட அதிகம். குதிகாலைச் சுற்றி வார் உள்ள சாண்டலுக்கு இந்தக் குறை இல்லை. அகன்ற அடியுள்ள ஓட்டப்பந்தய ஷூ இரண்டு பெடல்களை ஒருசேர உரசலாம், அது வேறு தலைவலி.

வெறுங்காலுக்கு எதிராக நிற்கும் வலுவான வாதம் ஈரம். தோல் லேசாக ஈரமானால் மேலடுக்கு மிருதுவாகி ரப்பரோடு நன்றாகப் படிகிறது, அதனால் பிடிமானம் கூடவும் செய்யும். ஆனால் தண்ணீரே ஒரு படலமாக இடையில் நின்றுவிட்டால் கால் வழுக்கும். மழையில் நனைந்து ஏறியவர் காலைத் துடைக்காமல் வண்டியை எடுப்பது அசட்டுத்தனம். அப்படித் துடைத்துவிட்டு, கழற்றிய செருப்பை ஓட்டுநர் காலடியில் போட்டுக்கொள்பவர் முழு லாபத்தையும் இழக்கிறார். பிரேக் போட்டதும் செருப்பு முன்னோக்கிச் சறுக்கி பெடலுக்கு அடியில் போய்விடலாம். அது இருக்கவேண்டிய இடம் பக்கத்து இருக்கையின் கீழ்த் தரையோ பின்பக்கமோ. விபத்துக்குப் பின் கண்ணாடித் துண்டுகள்மீது வெறுங்காலோடு இறங்க வேண்டியிருக்கும் என்ற மறுப்பும் சரியே. அதற்காகவும் செருப்பு வண்டிக்குள் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இவ்வளவும் காருக்கு மட்டும்தான். இருசக்கர வண்டியில் பாதத்தைச் சுற்றித் தகரம் இல்லை. சூடான சைலன்சர் ஒரு பக்கம், மேலே தூக்கி மாற்றவேண்டிய கியர் நெம்புகோல் இன்னொரு பக்கம், நிறுத்தும்போதெல்லாம் ஊன்றவேண்டிய தார்ச்சாலை கீழே. அங்கே காலணி உணர்வுக்கான பொருள் அல்ல, கவசம். வெறுங்காலில் கார் ஓட்டுவதைத் தடுக்காத அமெரிக்காவிலேயே அலபாமா மாநிலம் மோட்டார் சைக்கிளில் செல்பவர் ஷூ அணிய வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. நம் 129ஆவது பிரிவு தலையோடு நின்றுவிட்டது.