ஆசிரியர் வீட்டில் அரைமணி நேரம்

செங்கற்பட்டிலிருந்து சென்னைக்கு மின்தொடர் வண்டியில் செல்லும் ஆசிரியர்கள் நாள்தோறும் மறைமலைநகரையும் பல்லாவரத்தையும் கடக்கின்றனர். முன்னதற்குப் பெயர் தந்தவரும் பின்னதில் வாழ்ந்தவரும் ஒருவரே, அவரும் ஆசிரியர்தாம்.

1876இல் பிறந்த மறைமலை அடிகள் தந்தையை இழந்ததால் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தினார். பட்டம் ஏதுமின்றி 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். வேலை கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிடுவோர் பலர், அவர் மூடவில்லை. பல்லாண்டுகள் நாட்குறிப்பு எழுதிவந்தார். மாணவர்க்கு உரிய முல்லைப்பாட்டை ஆராய்ந்து 1903இல் உரைநூலாக்கினார். வடமொழி பயின்று சாகுந்தலத்தைத் தமிழில் தந்தார். 1911இல் கல்லூரியை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறிய பின்னும் நூல்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. அவையே 1958இல் சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூலகத்திற்கு அடிப்படையாயின.

இன்றைய ஆசிரியைக்கு நேரம் ஏது? வினா நியாயமானதே. விடைத்தாள் கட்டு ஒருபுறம், அடுப்பு மறுபுறம். (ஆசிரியர் கணவராயின் அடுப்புத் தொல்லை பெரும்பாலும் இல்லை!) ஆயினும் குடும்பச் செபம் முடிந்தபின் அரைமணி ஒதுக்கலாம். மறுநாள் பாடத்திற்கான தயாரிப்பை அதில் கலக்கலாகாது. ஒரு பருவம் முழுவதும் ஒரே பொருளைப் படித்து, நாள்தோறும் நான்கு வரி குறிப்பேட்டில் எழுதுதல் நன்று. படிக்காத நாளில் அதன் காரணத்தை எழுதுக.

மாத இறுதியில் அக்குறிப்பேட்டை வீட்டார் எல்லாரும் சேர்ந்து பார்க்கட்டும். பெரும்பாலான நாள்களில் காரணம் சமையலறையாகவே இருப்பின், அடுத்த மாதம் அந்த அரைமணியில் பாத்திரம் துலக்குவது யார் என்பதை அன்றே முடிவு செய்யலாம்.